ஒடியல் ஏறாத மேசை

கொழும்பில் ஓரளவு பேர்பெற்ற உணவகம் எதன் விலைப்பட்டியலைப் புரட்டினாலும் ‘யாழ்ப்பாணம்’ என்ற பெயர் எங்காவது கண்ணில் படும். அநேகமாக அதையடுத்து நண்டு வரும். காலி வீதியில் ரேணுகா ஹோட்டலின் ‘பல்மைரா’ பல ஆண்டுகளாக யாழ்ப்பாணச் சாப்பாட்டுக்காகவே ஆட்கள் தேடிப்போகும் இடம். வெள்ளவத்தைக் கடற்கரைப் பக்கத்துக் கடைகளில் கூழும் நண்டுக்கறியும் கிடைக்கின்றன. யாழ்ப்பாண நகரத்திலேயே ஜெட்விங் போன்ற நட்சத்திர விடுதிகள் வந்துவிட்டன. யாழ்ப்பாணப் பெற்றோருக்குப் பிறந்த சிந்தியா சண்முகலிங்கம் 2022இல் ‘றம்புட்டான்’ என்ற சமையல் நூலை வெளியிட்டு, அடுத்த ஆண்டே அதே பெயரில் லண்டன் பரோ மார்க்கெட்டில் உணவகத்தையும் திறந்தார். போர் முடியுமுன் இப்படியொரு பட்டியலை எழுதியிருக்க முடியாது.

புத்தூர்க்காரருக்கு இந்த நண்டுப் பெருமை கொஞ்சம் அந்நியமாகப் படலாம். யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை நோக்கிப் போகும் வீதியில் கோப்பாய், நீர்வேலி, சிறுப்பிட்டி தாண்டி வரும் ஊர் அது. அலை அடிக்கும் கடல் அங்கே இல்லை. மேற்கே செம்பாட்டு மண்ணும் தோட்டக் கிணறுகளும். கிழக்கே வாதரவத்தைப் பக்கம் நிலம் தாழ்ந்து உவர் ஏறி, கடல்நீரேரியைத் தொடுகிறது. அதைக் கடந்தால் மீசாலையும் தென்மராட்சியின் பலாவும் மாவும். அந்த ஊரின் அடுக்களையில் நண்டு எப்போதாவது வரும் விருந்தாளி. அன்றாடம் நிற்பவை வெங்காயம், மரவள்ளி, கீரை, கத்தரிக்காய், மா, பனை.

ஒரு சமையல் வீட்டு அடுப்பிலிருந்து விலையுயர்ந்த மேசைக்கு ஏறும்போது எது ஏறுகிறது, எது முற்றத்திலேயே நின்றுவிடுகிறது? அதைத் தீர்மானிப்பது ருசிதானா? யாழ்ப்பாணத்தை மட்டும் வைத்துக்கொண்டு இதற்குப் பதில் சொல்வது கடினம். அதனால் கொஞ்சம் தள்ளி, பிலிப்பைன்ஸையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். தேங்காய்ப்பால், புளி, கருவாடு, அரிசி, வாழையிலை, கையால் உண்ணல், வெளிநாட்டுக்குப் போன பிள்ளைகள் அனுப்பும் காசு எல்லாம் அங்கேயும் உண்டு. 1762 முதல் 1764 வரை ஆங்கிலேயர் மணிலாவைப் பிடித்து வைத்திருந்தபோது சென்னையிலிருந்து கொண்டுபோன சிப்பாய்களில் சிலர் ஊர் திரும்பாமல் கைந்தா என்ற ஊரில் தங்கிவிட்டார்கள். வேர்க்கடலை அரைத்துப் போடும் ‘கரே-கரே’ குழம்பு அவர்கள் கைவழியே வந்தது என்றும் சொல்வதுண்டு. கதை கேட்க நன்றாக இருக்கிறது. அதன் மேல் பெரிய கட்டடம் எழுப்பத் தேவையில்லை.

புத்தூரின் சமையலைப் புரிந்துகொள்ள அதன் நிலத்தடி நீரிலிருந்து தொடங்க வேண்டும். ஊருக்கு அருகில் நவக்கிரியில் இருக்கும் நிலாவரைக் கிணறு பிரபலமானது. மேலே நல்ல தண்ணீர், ஆழம் போகப்போக உவர். குடாநாட்டின் முழு நிலைமையும் அதுதான். ஆண்டு முழுதும் ஓடும் ஆறு கிடையாது. சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கும் மழைநீரே குடிக்கவும் இறைக்கவும். துலா மிதித்தும் பிறகு இயந்திரம் வைத்தும் இறைத்த அந்த நீரில் செம்பாட்டு மண் தோட்டப்பயிர்களை அள்ளித் தந்தது. வயிறு நிறைய நெல்லைத் தரவில்லை. ஆகவே மண் தந்ததை விற்று, தராததை வாங்கினார்கள். ஒல்லாந்தர் காலத்திலும் அதற்குப் பின்னும் யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூருக்குக் கப்பலேறியது. அந்தக் காசில்தான் அரிசி வந்தது. தனக்கு வேண்டிய தானியத்தை முழுதாக விளைவிக்க முடியாத நிலம் எதையும் வீணாக்காத சமையலை உருவாக்கும். யாழ்ப்பாணச் சமையலின் புத்திக்கூர்மை பெரும்பாலும் அங்கேயிருந்துதான் வருகிறது என்பது என் கணிப்பு.

பழஞ்சோற்றுக் குழையலைப் பாருங்கள். முதல்நாள் மிஞ்சிய சோற்றில் மிஞ்சிய கறிகளையெல்லாம் விட்டு, தயிரோ தேங்காய்ப்பாலோ சேர்த்து, வெங்காயமும் பச்சை மிளகாயும் வெட்டிப்போட்டுக் குழைத்து, சுற்றியிருக்கும் பிள்ளைகளின் கைகளில் உருண்டையாக வைத்துக்கொடுப்பது. எந்தக் கறி மிஞ்சியதோ அதைப் பொறுத்து ஒவ்வொரு நாளும் ஒரு ருசி. பிலிப்பைன்ஸில் முதல்நாள் சோற்றை உள்ளிபோட்டு வறுத்துக் காலையில் உண்பார்கள். அதன் பெயர் சினாங்காக். மேலே முட்டையும் பக்கத்தில் இறைச்சியும் வைத்து, அமெரிக்க நகரங்களின் உணவகங்களில் இப்போது அதைக் காலைச்சாப்பாடாக நல்ல விலைக்கு விற்கிறார்கள். நம் குழையலை எந்த உணவகமும் விற்று நான் பார்த்ததில்லை. ஒருவர் கையால் குழைத்து இன்னொருவர் கையில் வைப்பதுதான் அதன் சேர்மானம். அதற்கு விலை போடுவது லேசில்லை.

கோதுமை மாவின் கதை இதைவிடச் சுவாரசியமானது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பர்மா அரிசி நின்றதும் பங்கீடு வந்தது. அதற்குப் பிந்திய ஆண்டுகளில் வெளிநாட்டுக் கோதுமை மா வீடுகளுக்குள் நுழைந்தது. ஊரில் அதற்கு ‘அமெரிக்கன் மா’ என்றே பெயர். இந்த மாவை அப்படியே குழைத்தால் பசைபோல ஒட்டும். பிட்டுக்கும் உதவாது, இடியப்பத்துக்கும் உதவாது. யாழ்ப்பாணப் பெண்கள் கண்ட வழி, மாவை முதலில் நீராவியில் அவித்து, கட்டி உடைத்து, அரித்து எடுப்பது. சூட்டில் மாவின் ஒட்டும் புரதம் செயலிழந்துவிடுவதால் அது அரிசிமாவைப் போல உதிரத் தொடங்கும். உணவு விஞ்ஞானி யாரும் வந்து சொல்லிக்கொடுத்த உத்தியல்ல இது. 1980இல் திருகோணமலையில் பிறீமா மாவாலை இயங்கத் தொடங்கிய பிறகு கோதுமை மா இன்னும் மலிவாகவும் தாராளமாகவும் வந்தது. அவித்து அரிக்கும் வழக்கம் மாறவில்லை. இன்று ரொறன்ரோவிலும் பாரிஸிலும் தமிழ்க் குடும்பங்கள் அந்நாட்டு மாவை இப்படியே அவித்துத்தான் பிட்டு அவிக்கின்றன.

1970 முதல் 1977 வரை ஸ்ரீமாவோ பண்டாரநாயக்க அரசு இறக்குமதிகளை இறுக்கியபோது நாடு பாணுக்கு வரிசையில் நின்றது. புத்தூர் அடங்கிய வலிகாமத்துத் தோட்டக்காரருக்கு அதுவே நல்ல காலம். வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் வராததால் செம்பாட்டு மண்ணில் விளைந்த செத்தல் மிளகாய்க்கும் சின்ன வெங்காயத்துக்கும் கேட்ட விலை கிடைத்தது. அந்தப் பணத்தில் எழுந்த கல்வீடுகளை ஊர்ப்பெரியவர்கள் இன்றும் கைநீட்டிக் காட்டுவார்கள். 1977க்குப் பிறகு திறந்த பொருளாதாரம் அந்தக் கதவைச் சாத்தியது. 1990இல் மீண்டும் போர் மூண்டபோது முறை மாறியது. மின்சாரம் நின்றது, மண்ணெண்ணெயும் சீனியும் தட்டுப்பாடாயின. பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறும் தேத்தண்ணி குடிக்கும் பழைய பழக்கம் எல்லா வீட்டுக்கும் திரும்பியது. 1995 அக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது, பிறர் வளவில் கல் மூன்று வைத்துச் சமைத்தவர்களில் புத்தூர்க்காரரும் இருந்தார்கள். 2006 ஆகஸ்டில் குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை மூடப்பட்டபோது அதே பாடம் இன்னொரு தடவை.

இந்த இடத்தில் பிலிப்பைன்ஸின் மரியா ஓரோசாவை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1893இல் பிறந்து அமெரிக்காவின் சியாட்டிலில் மருந்தியலும் உணவு இரசாயனமும் படித்துவிட்டு 1922இல் மணிலா திரும்பியவர். வெளிநாட்டுத் தகரப்பேணி உணவை நம்பியிருந்த தன் நாட்டை உள்ளூர்ப் பொருட்களின் பக்கம் திருப்புவதே வாழ்நாள் வேலையாகக் கொண்டார். தக்காளிச் சோஸுக்குப் பதிலாக வாழைப்பழச் சோஸ், மின்சாரம் இல்லாத வீடுகளுக்கு மண்சட்டியால் ஆன வெதுப்பு அடுப்பு, போர்க்காலத்தில் சோயா அவரை மாவிலிருந்து சத்துப்பானம் என்று அவர் கண்டவை பல. அந்தச் சோயா மாவு ஜப்பானியச் சிறைமுகாமில் இருந்தவர்களுக்கு இரகசியமாகக் கடத்தப்பட்டது. 1945 பெப்ரவரியில் மணிலாச் சண்டையின்போது குண்டுச்சிதறல் பட்டு இறந்தார். அவருடைய வாழைப்பழச் சோஸ் இன்றும் பிலிப்பைன்ஸின் கடைகளில் தக்காளிச் சோஸுக்கு நிகராக அடுக்கப்பட்டிருக்கிறது. ஓரோசாவுக்கு ஆய்வுகூடமும் அரசுப் பதவியும் இருந்தன; மாவை அவித்து அரித்த வலிகாமத்துப் பெண்களுக்கு அவை இல்லை. அதனால் அவர்களில் ஒருவரின் பெயரும் எங்கும் பதிவாகவில்லை.

இன்னொரு பிலிப்பினோப் பெண் லூசியா குனானன். அஞ்ஜெலஸ் நகரத்தில் ரயில் பாதை ஓரம் அவர் நடத்திய சின்னக் கடையில் 1970களில் ‘சிசிக்’ இன்றைய வடிவத்தைப் பெற்றது. அருகிலிருந்த கிளார்க் அமெரிக்க விமானப்படைத் தளம் பன்றித் தலையை வேண்டாமென்று ஒதுக்கியது. அது மலிவாகக் கிடைத்தது. அவித்து, சுட்டு, பொடியாக வெட்டி, வெங்காயமும் புளிப்பும் சேர்த்தார். மற்றவர் ஒதுக்கியதிலிருந்து பிறந்த அந்தக் கறி இப்போது உலகம் முழுவதும் பிலிப்பினோ உணவகங்களின் முகப்பில் நிற்கிறது. அதுவரை பிலிப்பினோச் சமையலைச் சீனச் சமையலின் நகல், ஸ்பானியச் சமையலின் மிச்சம் என்று ஒதுக்கியோர் உண்டு. மணிலாவின் அத்தெனியோ பல்கலைக்கழகத்தில் கற்பித்த டொரீன் பெர்னாண்டஸ் 1994இல் வெளியிட்ட ‘திக்கிம்’ உள்ளிட்ட நூல்களில் இதற்குப் பதில் எழுதினார். வெளியிலிருந்து வந்த உணவை ஒரு மக்கள்கூட்டம் தன் நாக்குக்கு ஏற்ப எப்படி மாற்றியது என்பதையே அந்த மக்களின் சரித்திரமாக அவர் படித்தார். உணவகங்களின் எழுச்சிக்கு முன்னால் இந்த எழுத்து வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். யாழ்ப்பாணத்துக்குச் சமையல் குறிப்பு நூல்கள் உண்டு. டொரீன் பெர்னாண்டஸைப் போல ஒருவர் இன்னும் வரவில்லை.

எழுச்சி வந்தபோது வேகமாக வந்தது. 2015இல் வாஷிங்டனில் திறந்த ‘பேட் செயின்ட்’ உணவகத்தில் 24 இருக்கைகள்தான், முன்பதிவு கிடையாது, ஜனம் தெருவில் வரிசைகட்டி நின்றது. அதன் சமையல்காரர் டொம் குனானன் 2019இல் ஜேம்ஸ் பியர்ட் விருது பெற்றார். சிக்காகோவின் ‘கசாமா’ 2022இல் மிஷலின் நட்சத்திரம் வாங்கிய உலகின் முதல் பிலிப்பினோ உணவகமாயிற்று. 2025 அக்டோபரில் மிஷலின் பிலிப்பைன்ஸுக்கென்றே முதல் பட்டியலை வெளியிட்டபோது மணிலாப் பகுதியின் ‘தோயோ ஈட்டரி’க்கும் ஒரு நட்சத்திரம் கிடைத்தது. ஜோர்டி நவாரா நடத்தும் இந்த உணவகத்தின் புகழ்பெற்ற தட்டு ஒன்று, அந்நாட்டுக் குழந்தைகள் எல்லோரும் படிக்கும் ‘பஹாய் குபோ’ என்ற நாட்டுப் பாட்டில் வரும் 18 காய்கறிப் பயிர்களையும் ஒரே தட்டில் கூட்டிவைப்பது. விலை கொடுப்பவன் சாப்பிடுவது காய்கறிதான். நண்டோ மாட்டிறைச்சியோ இல்லை.

யாழ்ப்பாணத்திலும் அப்படி ஒரு பாட்டு இருக்கிறது. நவாலியூர் சோமசுந்தரப் புலவர் (1878–1953) எழுதிய ஆடிப்பிறப்புப் பாட்டு. கூழுக்கும் கொழுக்கட்டைக்கும் போகும் பொருட்களைச் சிறுவர் குரலில் அடுக்கிச் சொல்லும் அதை, ஈழத்துப் பள்ளிக்கூடத்தில் தமிழ் படித்தவர் மறந்திருக்க மாட்டார். அரிசிமா, வறுத்த பயறு, தேங்காய்ச் சொட்டு, பனங்கட்டி, தேங்காய்ப்பால் சேர்ந்த அந்த ஆடிக்கூழ் எந்த நட்சத்திர விடுதியின் கடைசிப் பதார்த்தமாகவும் நிற்கத் தகுதியானது. நிற்கிறதா என்றால், அங்கே அநேகமாகக் கிடைப்பது கேரமல் புடிங்தான்.

ஏன்? வீட்டுச் சாப்பாட்டுக்கு வெளியே மதிப்பில்லை என்று சொல்லித் தப்பிவிடலாம். காரணம் அதைவிட ஆழமானது, சங்கடமானதும்கூட. யாழ்ப்பாணத்தில் வெளியே சாப்பிடுவது என்பதே நெடுங்காலம் சாதிப் பிரச்சினையாக இருந்தது. யார் சமைத்ததை யார் சாப்பிடலாம், யாருக்கு அருகில் யார் உட்காரலாம் என்ற கட்டுப்பாட்டுக்குள் பொதுவான சாப்பாட்டுக்கடை எளிதில் பிறக்காது. பிறந்த கடைகள் பெரும்பாலும் சைவக்கடைகள். தோசை, வடை, இட்டலி, சோறு. கஸ்தூரியார் வீதி மலாயன் கபேயில் வாழையிலை போட்டு இன்றும் நடப்பது அந்த மரபின் நல்ல முகம். மச்சம் (மீனும் இறைச்சியும்) வீட்டுக்குள் இருந்தது. அதனால் யாழ்ப்பாணத்தின் மீன் கறிகள், கணவாய், கூழ், ஒடியற்பிட்டு எல்லாம் கடைக்கு வராமல் வீட்டோடு வளர்ந்தன.

அந்த மரபின் மறுமுகத்தையும் சொல்ல வேண்டும். ஒடுக்கப்பட்ட சாதியினருக்குத் தேநீர்க்கடையில் உள்ளே இருக்கை கிடையாது. வெளியே நிற்கவைத்து, தனியாக ஒதுக்கிவைத்த போத்தலிலோ தகரப் பேணியிலோ ஊற்றிக் கொடுத்தார்கள். 1957இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சமூகக் குறைபாடுகள் தடைச்சட்டம் உணவுக்கடைகளில் இப்படி மறுப்பதைக் குற்றமாக்கியது. சட்டப்புத்தகம் கடைவாசலைத் திறக்கவில்லை. தீண்டாமைக்கு எதிரான 1966 அக்டோபர் 21 ஊர்வலத்துக்குப் பின் சங்கானையிலும் வேறு ஊர்களிலும் ஆட்கள் கூட்டமாகக் கடைக்குள் நுழைந்து உட்கார்ந்து தேநீர் கேட்டார்கள். அடிபட்டார்கள், உயிரிழப்பும் நேர்ந்தது. எழுத்தாளர் கே. டானியல் அந்த இயக்கத்தின் உள்ளேயிருந்து எழுதியவர். கிளாசில் ஒரு தேத்தண்ணி குடிப்பதற்காக இவ்வளவு நடந்த நிலத்தில், முன்பின் அறியாதவர் பக்கத்து மேசையில் இருக்க, குடும்பத்தோடு உணவகத்தில் சாப்பிடும் பழக்கம் பிந்தி வந்ததில் வியப்பில்லை. என் பார்வையில் யாழ்ப்பாணக் குடும்பம் முதலில் கூட்டாக வெளியே போய் உட்கார்ந்த இடம் ஐஸ்கிறீம் கடைதான். நல்லூர்த் திருவிழாவும் ஐஸ்கிறீமும் ஒன்றோடொன்று சேர்ந்தே வளர்ந்தவை. ஐஸ்கிறீமுக்குப் பழைய சாதிவிதி எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை என்பது அதற்கு வசதியாகப் போயிருக்கும்.

பனங்கிழங்கைக் காயவைத்த ஒடியலும் அதன் மாவில் காய்ச்சும் கூழும் பனையோடு பிணைந்தவை. பனையேறும் தொழில் ஒடுக்கப்பட்டவரின் தலையில் வைக்கப்பட்ட தொழில். கூழ் எல்லாச் சாதி முற்றங்களிலும் காய்ச்சப்பட்டது. ஆனால் விருந்தாளிக்கு, சம்பந்தம் பேச வந்தவருக்கு, வெள்ளைக்காரத் துரைக்கு யாரும் கூழ் வைக்கவில்லை. மேசைக்கு எது ஏறும் என்பது ஐந்து நட்சத்திர விடுதி வருவதற்கு வெகு முன்பே வீட்டு விறாந்தையில் தீர்மானமாகிவிட்டது.

1983க்குப் பின் புலம்பெயர்ந்தவர்கள் நடத்திய கடைகளும் இதையே தொடர்ந்தன என்பது கவனிக்கத்தக்கது. ஸ்காபரோவிலும் பாரிஸ் லாசப்பலிலும் லண்டன் ஈஸ்ட்ஹாமிலும் தமிழ்ச் சாப்பாட்டுக்கடை என்றால் கொத்துரொட்டி, ஆட்டிறைச்சி ரோல்ஸ், பற்றீஸ். எல்லாமே கடைச்சாப்பாடு. வீட்டில் ஒருவரும் இரும்புத்தட்டில் ரொட்டி கொத்துவதில்லை. கடையில் கற்றதைக் கடையிலேயே விற்றார்கள். வீட்டில் கற்றது வீட்டிலேயே இருந்தது. விலையும் மலிவு. ‘எங்கட சாப்பாட்டுக்கு இவ்வளவோ’ என்று முதலில் கேட்பவர் நம்மவரே.

அதே வேளையில் இன்னொன்று நடந்தது. சுவிற்சர்லாந்திலும் பிரான்ஸிலும் அகதியாக வந்த தமிழர் பலருக்கு முதலில் கிடைத்த வேலை உணவகச் சமையலறையில் கோப்பை கழுவுவது. கழுவியவர்கள் வெட்டினார்கள், வெட்டியவர்கள் சமைத்தார்கள். மிக நல்ல பிரெஞ்சுச் சமையலை அறிந்த தமிழ்க் கைகள் பாரிஸில் ஏராளம். 2023இல் பாரிஸ் நகரத்தின் சிறந்த பகெட் பாணுக்கான பரிசை வென்றவர் இலங்கைத் தமிழரான தர்ஷன் செல்வராஜா; அந்தப் பரிசோடு ஓராண்டு பிரெஞ்சு ஜனாதிபதி மாளிகைக்குப் பாண் வழங்கும் உரிமையும் கிடைத்தது. எவருக்கும் பெருமைதான். பிலிப்பினோக்களும் இதே பாதையில் நடந்தவர்கள்: உலகக் கப்பல்களிலும் விடுதிகளிலும் மற்றவர் உணவைச் சமைத்து வளர்ந்த தலைமுறை. அவர்களின் பிள்ளைகள் நல்ல பயிற்சியோடு தாயின் கறிக்குத் திரும்பியபோதுதான் வாஷிங்டனும் சிக்காகோவும் நடந்தன. நம்மில் அந்தத் திரும்பல் லண்டனில் தொடங்கியிருக்கிறது. எண்ணிக்கை இன்னும் விரல்விட்டு எண்ணத்தக்கது.

நண்டு இங்கேதான் கதைக்குள் மீண்டும் வருகிறது. அது ஏன் மேசையேறியது? ருசி ஒரு காரணம்தான். பெரிய காரணம் வர்த்தகம். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மேரிலாந்தைச் சேர்ந்த பிலிப்ஸ் உணவக நிறுவனம் தன் ஊர்க் குடாவில் நண்டு குறைந்ததால் பிலிப்பைன்ஸுக்குப் போய், நீலக்கால் நண்டின் தசையைப் பிரித்துப் பேணியில் அடைக்கும் ஆலையைத் தொடங்கியது. அந்த முறை ஆசியாவின் கரையோரங்களில் பரவி, பாக்கு நீரிணைக்கும் வந்தது. யாழ்ப்பாணம், மன்னார்க் கரைகளில் பிடிபடும் நீலக்கால் நண்டில் பெரும்பங்கு இன்று ஆலைக்குப் போகிறது. பெண்கள் அணியாக இருந்து ஓட்டை உடைத்து, தசையைத் தரம் பிரிக்கிறார்கள். குளிரூட்டிய பேணிகளில் அது அமெரிக்கா சேர்கிறது. மணிலாக் கரையின் நண்டும் யாழ்ப்பாணக் கரையின் நண்டும் ஏதோ ஒரு பால்டிமோர் கடையின் ஒரே நண்டுக் கட்லெட்டுக்குள் சந்தித்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. களப்புகளின் பெரிய களிநண்டு வேறு இனம், வேறு பாதை. அது உயிரோடு சிங்கப்பூருக்குப் பறக்கிறது. 2011இல் சமையற்கலைஞர் தர்ஷன் முனிதாச, கிரிக்கெட் வீரர்கள் மஹேல ஜயவர்தன, குமார் சங்கக்கார மூவரும் கொழும்புப் பழைய ஒல்லாந்தர் மருத்துவமனையில் ‘மினிஸ்ட்ரி ஒஃப் க்ராப்’ திறந்த பிறகே அதில் ஒரு பங்கு நாட்டிலேயே நின்றது.

ஆக, உலகச் சந்தை ஏற்கெனவே விலை போட்டுவைத்த பொருள்தான் யாழ்ப்பாணத்தின் அடையாளமாக மேசையேறியது. யாழ்ப்பாணத்துக்கே உரிய, வேறெங்கும் சந்தை இல்லாத பொருள் நின்றுவிட்டது.

அந்தப் பொருள் ஒடியல். பனங்கொட்டைகளைப் பாத்தியில் அடுக்கி மண் மூடி, சில மாதம் கழித்துக் கிழங்கு கிண்ட வேண்டும். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். பச்சையாகக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல். ஒடியலை இடித்து மாவாக்கினால் ஒரு கசப்பு இருக்கும். அந்த மாவை நீரில் ஊறவிட்டு, நீரை இறுத்து, மறுபடி ஊறவிட்டு வடிப்பார்கள். இது வெறும் ருசிக்காக இல்லை. ஒடியல் மாவைத் தொடர்ந்து உண்ட எலிகளின் ஈரல் பழுதடைந்ததைப் பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1970களில் பதிவுசெய்தார்கள். மாவைக் கழுவி இறுக்கும் பழக்கம் அந்த ஆய்வுக்கு எத்தனையோ தலைமுறை முந்தியது.

பிறகு கூழ். அரிசி வெந்துகொண்டிருக்கும் பானையில் பயிற்றங்காய், மரவள்ளித் துண்டு, பலாக்கொட்டை, கீரை. மீன் தலை, நண்டு, இறால். அரைத்த செத்தல் மிளகாய், பழப்புளி. கடைசியில் கரைத்த ஒடியல் மா விழும்போது எல்லாம் தடித்து ஒன்றாகிவிடும். பனையோலையில் மடித்த பிளாவில் ஊற்றி, வியர்க்க வியர்க்கக் குடிப்பது. இங்கே நண்டு சுவைக்காகப் போடும் ஒரு பொருள். பானையின் உடல் ஒடியல். புத்தூரின் மரவள்ளியும் பயிற்றையும், தென்மராட்சியின் பலாக்கொட்டையும், கடல்நீரேரியின் இறாலும், மணல் நிலத்துப் பனையும் ஒரே பானையில் கூடுகின்றன. குடாநாட்டைச் சமைத்துக் காட்டச் சொன்னால் நண்டுக்கறியைவிட இதுவே சரியான பதில்.

பானைக்கூழ் உணவகத்துக்கு ஏற்றதா என்று கேட்கலாம். இருபது பேருக்குக் காய்ச்சுவது ஒருவர் கோப்பைக்குள் சுருங்கினால் எதையோ இழக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நியூயோர்க்கில் பிலிப்பினோக்கள் மேசை முழுவதும் வாழையிலை விரித்து, சோற்றையும் கறிகளையும் நடுவில் கொட்டி, எல்லோரும் கையால் உண்ணும் ‘கமாயான்’ விருந்துக்கு நல்ல காசு வாங்குகிறார்கள். கூட்டமாக உண்பதையே விற்கலாம் என்று அவர்கள் காட்டிவிட்டார்கள். கையால் சாப்பிடப் பயிற்சி தேவைப்படாத நாம் ஏன் வெட்கப்பட வேண்டும்?

உள்ளூரில் அசைவு இல்லாமல் இல்லை. 1978இல் அமைந்த பனை அபிவிருத்திச் சபையும் கைதடியிலுள்ள பனை ஆராய்ச்சி நிலையமும் பனைப் பொருட்களுக்காகவே இருப்பவை. போரில் பதுங்குகுழிக் கூரைக்காக வெட்டப்பட்ட பனைகளை ஈடுசெய்ய விதை நடுவதும் நடக்கிறது. கடந்த பத்தாண்டில் வந்த மிக நல்ல விடயம் என்று நான் கருதுவது ‘அம்மாச்சி’ உணவகங்கள். திருநெல்வேலியில் இருப்பது எல்லோருக்கும் தெரியும். பெண்கள் குழுவாக நின்று கண்முன்னே சமைத்து, குரக்கன் ரொட்டி, கீரைப்பிட்டு, இலைக்கஞ்சி என்று மலிவான விலைக்கு விற்கிறார்கள். யார் வந்தாலும் ஒரே வரிசை, ஒரே தட்டு. 1960களில் கடைக்குள் நுழைந்து உட்கார்ந்தவர்கள் கேட்டது இதைத்தான். ஆனால் அந்த விலையில் அம்மாச்சியால் ஒடியல் மா இடிப்பவருக்கு நியாயமான கூலி கொடுக்க முடியாது. கொடுக்கக்கூடியவர்கள் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பல ஆயிரம் ரூபாய் வாங்கும் விடுதிகளும் கொழும்பு, லண்டன் உணவகங்களும்தான். 2014இல் ரயிலும் 2019இல் பலாலி சர்வதேச விமானங்களும் வந்த பிறகு, ‘உண்மையான யாழ்ப்பாணச் சாப்பாடு’ கேட்டு வருவோருக்குக் குறைவில்லை.

அப்படி ஓர் உணவகம் ஒடியலை உண்மையாகவே மேசையேற்ற நினைத்தால் நாட்காட்டி அவசரத்துக்கு இடம் கொடுக்காது. பனம்பழம் விழுவது ஆடி, ஆவணியில். விதை பாத்தியில் இறங்குவது மழைக்கு முன். கிழங்கு கிண்டுவது மார்கழி, தையில். கிழித்துக் காயப்போடுவது அதற்குப் பிந்திய வெயிலில். சித்திரைக்கு மா வேண்டுமென்றால், வாதரவத்தைப் பக்கம் பனங்காணி வைத்திருப்பவரிடம் முற்பணம் கொடுத்து இந்த ஆவணியிலேயே பாத்தி போடச் சொல்ல வேண்டும். கிழிக்கவும் இடிக்கவும் வரும் பெண்களின் நாட்கூலியையும் அப்போதே பேசிவைக்க வேண்டும்.